சர் சி.வி. இராமனின் இரு பணிகள்

மாணவர்களே, ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்நாளுக்கு உரியவர் சர் சி.வி. இராமன். அவர் தம் பதினெட்டாம் வயது முதல் பத்தாண்டுக் காலம் அரசின் கணக்கு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர் என்பது உங்களுள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் பணி கிடைத்தமையால், குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக அவர் வளர்ந்தார். அத்தகைய வளர்ப்பு எப்படிப்பட்டது என்பதை டெல்லியில் வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினொன்றாம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். முதுகலை பயிலும்போதே, 1906இல், ஒளியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது.

இத்தகையவர் ஏன் கணக்குத் துறைக்குச் சென்றார்? அந்நாளில் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு பிழைக்க இந்தியர்க்கு இங்கே வழியில்லை. இங்கிலாந்து சென்று பயிலலாம் என்றால், அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். தமையனார் முன்னரே கணக்குத் துறையில் இருந்தார். எனவே இராமனும் நிதித்துறைப் போட்டித் தேர்வை எழுதினார். அதிலும் முதலிடம் பெற்றார். 1907இல் லோகசுந்தரியை மணந்து, அவருடன் கல்கத்தா சென்று உதவித் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார்.

அப்பணியைத் தாழ்வாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் தந்தையோ தாயோ இந்நகரில் அத்தகைய அலுவலகம் ஒன்றில் பணிபுரியக்கூடும். மக்களின் வரிப்பணம் எங்கே சென்றது என்பதைக் காப்பவர்கள் அவர்களே. இராமனும் அலுவலைக் குறைவின்றிச் செய்தார். மேலதிகாரிகள் அவர் திறமையை மதித்தனர். ஆனால் கணக்கில் கூட்டிச் சரிபார்த்தால் விடை கிடைத்துவிடும். அவரைப் பற்றியிருந்தவையோ எவரும் அதுவரை விடை காணாத வினாக்கள்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவியது. இந்தியர்கள் தம் நாட்டிலேயே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் ஆய்வு செய்ய முன்வருவோர் அரியராக இருந்தமையால், அங்கிருந்த கருவிகள் பெரும்பாலும் பயனின்றிக் கிடந்தன. இராமன் இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். திறந்தவர் அங்குப் பணிபுரிந்த அசுதோஷ் டே. கழகச் செயலராக இருந்தவர் நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார். அவர் ஆய்வுக்கூடத்தை மகிழ்வுடன் இராமனிடம் ஒப்படைத்தார்.

அன்றுமுதல் இராமனின் ஒரு நாள் இப்படி அமைந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கழகத்திற்குச் செல்வார். பத்து மணிக்குச் சற்றுமுன் வீடு திரும்பிக் குளித்து, அவசர அவசரமாக உண்டு, அலுவலகத்திற்கு விரைவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே ஆய்வுக்கூடம். வீட்டை அடைய இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆய்வே. வீணை மீட்டத் தெரிந்த லோகசுந்தரியின் நாட்களில் எத்தனை மாலைகள் தனிமையில் கழிந்திருக்கும் என்பதை வாழ்க்கை வரலாறுகள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் கருத்து. அக்காலத்தில் இராமன் ஆராய்ந்த பொருள்களுள் இசைக்கருவிகளும் அடங்கும். அதிரும் கம்பியிலிருந்து இனிய ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதை அளந்து பார்த்தார். பல்கலைக்கழகம் சென்றறியாத அசுதோஷ் டே அவருக்கு உற்ற துணையாக விளங்கினார். அவர் பெயரும் கட்டுரைகளில் ஆசிரியராக இடம்பெற்றது.

அரசுப் பணியில் இடமாற்றம் தவிர்க்க இயலாதது. இதுவும் நீங்கள் அறிந்ததே. 1909இல் இரங்கூனுக்கும், 1910இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். சென்ற இடத்தில் வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். 1911இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி, புதிதாக ஏற்பட்ட பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவியை இராமனுக்கு அளிக்க விரும்பினார். அதை ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருத்தல் வேண்டும் என்று விதி இருந்தது. அதற்காக வெளிநாடு செல்ல இராமன் மறுத்தார், விதி தளர்த்தப்பட்டது. ஊதியம் மற்றொரு தடையாக நின்றது. பேராசிரியர் ஊதியம் அவர் பெற்றுவந்ததில் ஏறத்தாழப் பாதியே. அரசுப் பணியிலோ பதவி உயர்வும் ஓய்வூதியமும் உறுதி. அயலார் ஆட்சியில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய உயர் பதவிகளுள் ஒன்று அது. அதனை விட்டு வருபவர் மீண்டும் அதற்குள் நுழைய இயலாது. 1917இல், இருபத்தெட்டு வயதில், இராமன் அதை விட்டு வெளியேறினார். ஆய்வு மட்டுமே போதும் என்றிருந்தும், மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார்.

பின்னர் நடந்தது பலரும் அறிந்ததே. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்னும் விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று கண்டார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வு 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாக முடிந்தது. அது நிகழ்ந்த இடம், டிராமிலிருந்து அவர் கண்ட அதே பௌபஜார் தெருக் கட்டடம். 1930இல் நோபல் பரிசும், 1954இல் பாரத ரத்னாவும் அவரை வந்தடைந்தன. 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

அக்கண்டுபிடிப்பில் அவருடன் உழைத்த மாணவர் கே.எஸ். கிருஷ்ணன், திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பைச் சேர்ந்த தமிழர். அவர் பின்னாளில் டெல்லிக்கு வந்து, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அந்த ஆய்வகம் அமைந்துள்ள சாலை இன்று அவர் பெயரால் வழங்குகிறது. பூசா வழியே செல்லும்போது அப்பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள்.