எண்ணிக் காத்த ஏந்தல்

மார்கழித் திங்களில் நியூயார்க் மாநகரின் சென்ட்ரல் பூங்காவிலுள்ள பெரும்பாலான மரங்கள் இலையுதிர்ந்து வெறுங்கிளைகளோடு நிற்கும். இக்கடுங்குளிரில் உயிரினங்கள் ஏது என்றே எண்ணத் தோன்றும். ஆனால், இலையற்ற கிளைகளில்தான் பறவைகள் தெளிவாகப் புலப்படும்! செந்நிறக் கார்டினல், மரத்தைத் தட்டும் மரங்கொத்தி, ஏரியில் நீந்தும் வாத்துகள், புதைத்த கொட்டையைத் தேடும் சாம்பல் அணில் ஆகியவற்றை அங்கே காணலாம். ஆண்டுதோறும் தொலைநோக்கியும் குறிப்பேடும் ஏந்திப் பலர் அங்கே கூடிப் பறவைகளை எண்ணுகின்றனர். இவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் பிராங்க் சாப்மன் ஆவார்.

சாப்மன் 1864ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். கல்லூரியில் பயிலாத அவர், பள்ளிப் படிப்பை முடித்ததும் வங்கியொன்றில் பணியில் அமர்ந்தார். விடியலில் எழுந்து, பறவைகளைக் கண்டு குறிப்பெழுதிய பின்னரே அலுவலகம் செல்வார்.

அந்நாளில் பறவைகளின் இறகுகளையும், சில வேளை முழுப் பறவையையுமே தொப்பியில் சூடிக்கொள்வது மகளிரிடையே நாகரிகமாக இருந்தது. 1886இல் சாப்மன் நியூயார்க் கடைவீதியில் நடந்தபடியே தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளுள் 542இல் பறவை அணிகள் இருந்தன! அவற்றில் 40 இனங்களை அடையாளம் கண்டார். அவ்வாண்டே வங்கிப் பணியைத் துறந்தார். 1888இல், சென்ட்ரல் பூங்காவை அடுத்துள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் அதன் பறவைப் பிரிவின் தலைவராகவும் உயர்ந்தார்.

கிறிஸ்துமஸ் நாளில் இரு அணிகளாகப் பிரிந்து, பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவது அந்நாட்டில் ஒரு விளையாட்டாக இருந்தது. அதிகமாகக் கொன்ற அணியே வென்றதாகும். ஆய்வுக்காகச் சாப்மனும் துப்பாக்கி ஏந்தியவர்தாம். ஆயினும், வெறும் விளையாட்டுக்காக உயிர்களைப் பறிப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. தடுப்பதற்கு அவரிடம் அதிகாரம் ஏது? தாம் நடத்திய 'பேர்ட் லோர்' என்னும் இதழில் ஒரு மாற்று வழியைக் கூறினார். அதே நாளில் வெளியே செல்லுங்கள், சுடாமல் எண்ணுங்கள், இனம், எண்ணிக்கை, நேரம், வானிலை ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள் என வேண்டினார்.

1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். அவற்றுள் சென்ட்ரல் பூங்காவும் ஒன்று. 1945இல் சாப்மன் மறைந்தார். எண்ணும் பணி நிற்கவில்லை. இன்று 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் அது நடைபெறுகிறது.

1970க்குப் பின் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அதற்குத் துணைநின்ற பதிவுகளுள் இக்கணக்கெடுப்பும் ஒன்று. எண்ணியவர்கள் இல்லையேல் இழப்பின் அளவை யார் அறிவார்? தோழர்களே, அப்பதிவுகளை எழுதியவர்களுள் பெரும்பாலோர் அறிஞர்கள் அல்லர். குளிரைப் பொருட்படுத்தாமல் பூங்காவில் நின்று, கண்டதைக் கண்டபடி குறித்த எளிய மக்களே ஆவர்.