சாயம் படிந்த மேசை

1872ஆம் ஆண்டு. ஸ்டிராஸ்பர்க் பல்கலைக்கழக உடற்கூற்றியல் கூடத்தில் பேராசிரியர் வால்டையர் மாணவர்களின் பணியைப் பார்வையிட்டு வந்தார். ஒரு மேசை மட்டும் பலநிறக் கறைகளால் நிறைந்திருந்தது. அங்கிருந்த பதினெட்டு வயது மாணவர், வகுப்பில் கூறியதை விடுத்துத் திசுக்களில் சாயமேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கண்டிக்கவில்லை, தொடருமாறு விட்டுவிட்டார். மருத்துவ உலகம் அந்தப் பொறுமைக்குக் கடன்பட்டுள்ளது. அம்மாணவரே பால் எர்லிக்.

இன்று போலந்து நாட்டில் உள்ள ஸ்டிரேலன் என்னும் சிற்றூரில், 1854 மார்ச் 14 அன்று யூதக் குடும்பமொன்றில் எர்லிக் பிறந்தார். திசுக்களுக்குச் சாயமேற்றும் கலையில் அவருக்கு ஆர்வமூட்டியவர் உறவினர் கார்ல் வைகர்ட். பள்ளி இறுதித் தேர்வில், வாழ்க்கை ஒரு கனவு என்ற தலைப்புக்கு உயிர்வளி ஏற்றம் பற்றிய கட்டுரை எழுதி ஆசிரியர்களை அவர் திகைக்க வைத்தார் என்பர். பிரெஸ்லாவில் பயின்றபோது, சாயமேற்றுவதில் வல்லவர், ஆனால் தேர்வில் தேறமாட்டார் என்றே ராபர்ட் கோக்கிடம் அவரை அறிமுகப்படுத்தினராம். ஆயினும் 1878இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார், ஆய்வுப்பொருள் சாயமேற்றலே.

அவ்வாண்டே பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பணியேற்றார். குருதியணுக்களை எண்ணும் முறை அதற்கு முன்பே உண்டு. ஆனால், நிறமற்ற வெள்ளணுக்களை வகை பிரிப்பது எளிதாக இல்லை. எர்லிக் ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து உலர்த்தினார். சூடேற்றிய பின் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட சாயங்களில் தோய்த்தார். சில அணுக்களின் துகள்கள் அமிலத்தன்மையுள்ள இயோசினை ஏற்றுச் செந்நிறம் பெற்றன, அவை ஈசினோஃபில்கள். காரச்சாயத்தை ஏற்றவை பேசோஃபில்கள். நடுநிலைச் சாயத்தை ஏற்றவை நியூட்ரோஃபில்கள். இத்தகைய துகள்கள் இல்லாதவற்றுள் ஒருவகை லிம்ஃபோசைட்டுகள். ஆடைக்கு நிறமூட்டப் பிறந்த சாயம், குருதிக்குள் இருந்த வேற்றுமையைக் காட்டிவிட்டது!

1885இல் அவரை ஆதரித்த மருத்துவமனைத் தலைவர் ஃபிரெரிக்ஸ் மறைந்தார். அடுத்து வந்தவர் எர்லிக்கின் ஆய்வுக்கு இடமளிக்கவில்லை. சோதனை மேல் சோதனையாகக் காசநோயும் பற்றியது. காசநோய்க் கிருமியைக் காணும் சாயமுறையைச் செம்மைப்படுத்தியவர் எர்லிக். அம்முறையே அவருடைய சளியிலும் கிருமியைக் காட்டிற்று. எகிப்து சென்று உடல்நலம் தேறித் திரும்பியபோது கையில் வேலை இல்லை. சிறியதோர் ஆய்வகத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். பின்னர் கோக் அவரைத் தம் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். 1899இல் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வு நிறுவனத்தின் தலைமை, 1908இல் நோபல் பரிசு, 1910இல் மேகநோய்க்கான சால்வர்சான் மருந்து எனப் பிற்கால வெற்றிகள் பலரும் அறிந்தவை.

அதிகம் பேசப்படாதது அவருடைய புற்றுநோய் ஆய்வு. உடலில் பிறழ்ந்த செல்கள் அடிக்கடி தோன்றுகின்றன, உடலின் காப்பாற்றலே அவற்றை அடக்கி வைக்கிறது என்னும் கருத்தை 1909இல் அவர் வெளியிட்டார். அதை மெய்ப்பிக்கும் கருவிகள் அன்று இல்லை. 1915 ஆகஸ்டு 20 அன்று எர்லிக் மறைந்தார்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் தொடங்குமுன் இன்று நோயாளியின் குருதியணுக்கள் எண்ணப்படுகின்றன. ஹீமோகுளோபின் குறைந்தால் கட்டிக்கு உயிர்வளி குறையும். உயிர்வளி குறைந்த செல்களைக் கதிர்வீச்சு எளிதில் அழிப்பதில்லை. நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையை லிம்ஃபோசைட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தும் மருத்துவ ஆய்வாளர் பார்க்கின்றனர். முன்னது 4,000, பின்னது 2,000 எனில் விகிதம் 2. கட்டி தூண்டும் அழற்சியில் நியூட்ரோஃபில்கள் பெருகலாம். புற்றுச்செல்லைத் தாக்கும் அணுக்களோ லிம்ஃபோசைட்டுகளுள் அடங்கும். சிகிச்சைக்கு முன் இவ்விகிதம் உயர்ந்திருந்தோரிடம் சிகிச்சைப் பயன் பொதுவாகக் குறைந்திருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் எது உயர்வு என்பதற்குரிய எல்லை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. சாதாரணத் தொற்றும் எண்ணிக்கையை மாற்றிவிடும். ஆதலால் ஒரு பெண்ணின் வருங்காலத்தை அவ்வெண்ணைக் கொண்டு எந்த மருத்துவரும் கணிப்பதில்லை. நோயின் நிலை, கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகளில் பரவல் ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் படிக்கின்றனர்.