நான்கு சிலிண்டரும் ஒரு பிடிவாதமும்

செல்வர் வீட்டு வாசலில் மட்டுமே நின்ற மோட்டார் வண்டியை உழவர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்த பெருமை ஹென்றி ஃபோர்டுக்கு உரியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உழவில் அவர் மனம் ஒன்றவில்லை. இயந்திரங்களே அவரை ஈர்த்தன. பதினாறாம் வயதில் டெட்ராய்ட் நகரப் பட்டறைக்குச் சென்றார்.

1893ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவு. தாம் செய்த சிறு எஞ்சினைச் சமையலறைத் தொட்டியில் பொருத்தினார். மனைவி கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட, எஞ்சின் உயிர்பெற்றது. 1896இல் இரண்டு சிலிண்டர் வண்டி ஓடியது. அடுத்துத் தொடங்கிய இரு நிறுவனங்களும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவர் தளரவில்லை, 1903இல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது.

1908இல் வெளிவந்தது 'டி' மாடல். அதன் இதயம் 2.9 லிட்டர் கொள்ளளவும் 20 குதிரைத்திறனும் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பு. மேல்மூடியோ தனியே கழற்றக்கூடியது. ஆகவே பழுது பார்ப்பது எளிதாயிற்று. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியை நம்பி, விரைவிலேயே நீர் பம்பையும் நீக்கிவிட்டார். 1913இல் நகரும் தொடர்வரிசை முறை வந்தது. ஒரு வண்டிச் சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலான நிலை மாறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே போதும் என்றாயிற்று. 850 டாலர் வண்டி பின்னாளில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

உயர்த்திய உறுதியே பின்பு பிடிவாதமாயிற்று. காலம் மாறியும் பழைய எஞ்சினை மாற்ற மறுத்தார். மகன் எட்செலின் அறிவுரையும் செவியேறவில்லை. போட்டியாளர்கள் முந்தினர். ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குப் பின், 1927 மே மாதம் 'டி' மாடல் நின்றது. புதிய வண்டி ஆயத்தமாகாததால் ஆலை மாதக்கணக்கில் உற்பத்தியின்றிக் கிடந்தது. தொழிலாளர் பலர் வேலையின்றித் தவித்தனர். ஆண்டிறுதியில் வந்த 'ஏ' மாடலின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 40 குதிரைத்திறன் தந்தது. முன்னதைப் போல் இரு மடங்கு!

தம் செய்தித்தாள் வழியே யூதர் மீது வெறுப்பைப் பரப்பியது அவர் வாழ்வின் அழியாக் கறை.

1947 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, வெள்ளத்தால் மின்சாரம் நின்ற வீட்டில், விளக்கொளியில் அவர் உயிர் பிரிந்தது.

மாணவ நண்பர்களே! உறுதி வேண்டும், அது எப்போது பிடிவாதமாகிறது என்று உணரும் தெளிவும் வேண்டும். ஃபோர்டின் வாழ்வு புகட்டும் பாடம் இதுவே.