வேகத்தை அளந்த கலிலியோ

உயரத்திலிருந்து விழும் பொருள் விழ விழ விரைவு மிகும் என்பது பண்டை அறிஞரும் அறிந்ததே. ஆயின், அவ்விரைவு எம்முறையில் வளர்கிறது என்பதை ஆய்ந்து நிறுவிய பெருமை கலிலியோவையே சாரும்.

இவர் இத்தாலி நாட்டுப் பைசா நகரில் 1564ஆம் ஆண்டு பிறந்தார். இசைவல்லுநராகிய தந்தையார் மகனை மருத்துவராக்க விரும்பினார். மைந்தரின் உள்ளமோ கணிதத்தையே நாடிற்று. மருத்துவப் படிப்பை இடையே விடுத்த அவர், பின்னர்ப் பைசாவிலும், 1592 முதல் 18 ஆண்டுகள் பதுவாவிலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார்.

எடை மிகுந்த பொருள் அவ்வெடைக்கேற்ப விரைந்து விழும் என்னும் அரிஸ்டாட்டிலின் கருத்தே அந்நாளில் கற்றோரிடையே நிலவியது. கலிலியோ அதனை ஆராயாது ஏற்க ஒருப்படவில்லை. ஆயின், நேரே விழும் பொருள் நொடிப்பொழுதில் நிலத்தை அடைந்துவிடும்; அதனை அளப்பது எங்ஙனம்? அவ்விரைவைத் தணிக்க அவர் ஒரு வழி கண்டார். நீண்ட மரக்கட்டையில் பள்ளம் வெட்டி, அதில் வழவழப்பான தோலை ஒட்டினார். கட்டையைச் சாய்த்து வைத்து, வெண்கல உருண்டையை உருளவிட்டார். பெரிய கலத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை நிறுத்து, உருண்ட காலத்தைக் கணித்தார். இருமடங்கு காலத்தில் உருண்டை நான்கு மடங்கு தொலைவையும், மும்மடங்கு காலத்தில் ஒன்பது மடங்கு தொலைவையும் கடந்தது. பன்முறை செய்து பார்த்தும் இவ்விகிதம் மாறவில்லை.

கடந்த தொலைவுக்கேற்ப வேகம் வளரும் என்றே 1604ஆம் ஆண்டில் அவர் எண்ணியிருந்தார். அது பொருந்தாமை கண்டதும் தம் கருத்தைத் தாமே கைவிட்டார். சமமான காலங்களில் வேகம் சமமான அளவே கூடுகிறது என்று தெளிந்தார். ஒரு நொடியில் கூடும் வேகத்தை இன்று முடுக்கம் என்கிறோம். ஓய்விலிருந்து புறப்பட்ட பொருளின் மாறாத முடுக்கத்தைக் காலத்தால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். தடையின்றி விழும் பொருளின் வேகம் நொடிதோறும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடுமாதலின், மூன்றாம் நொடியின் முடிவில் அது நொடிக்கு 29.4 மீட்டர் ஆகும்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கொள்கையை ஆதரித்தமைக்காக, 1633ஆம் ஆண்டு ரோம் நகரில் சமய நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. எஞ்சிய வாழ்நாளை அவர் வீட்டுக்காவலிலேயே கழித்தார். முதுமையும் நோயும் வாட்டிய அந்நிலையிலும், இளமையில் தொடங்கிய ஆராய்ச்சியை நூலாக்கி முடித்தார். இத்தாலியில் அதனை வெளியிட இயலாமையால், ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் 1638ஆம் ஆண்டு அந்நூல் அச்சேறியது. அப்பொழுது அவர் கண்ணொளியை முற்றும் இழந்திருந்தார். 1642ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

முன்னோர் கூற்றாயினும் தம் கூற்றாயினும் அளந்து பார்த்தே ஏற்றல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.