அப்பாஜியின் கண்கள்!

துங்கபத்ரா நதிக்கரையில், பாறைகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது ஹம்பி. ஆண்டுதோறும் கர்நாடக அரசு இங்கே 'ஹம்பி உத்ஸவ்' நடத்துகிறது. யானை ஊர்வலம், நாட்டுப்புறக் கலைகள், சங்கீதம், நாட்டியம் என மூன்று நாட்கள் ஊரே விளக்கொளியில் ஜொலிக்கும். எந்த மேடையில் ஏறினாலும் கலைஞர்கள் மறக்காமல் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அது மாமன்னர் கிருஷ்ணதேவராயரின் பெயர்!

ராயரின் கதை, ஓர் ஆட்டின் கண்களில் ஆரம்பிக்கிறது. ஆமாம் வாசகர்களே, ஆட்டின் கண்கள்தான்!

மரணப் படுக்கையில் இருந்த அண்ணன் வீரநரசிம்மர், தன் சின்னஞ்சிறு மகனே அரியணை ஏற வேண்டும் என்று விரும்பினார். தம்பி குறுக்கே வந்துவிடக் கூடாதே! கிருஷ்ணதேவராயரின் கண்களைப் பிடுங்கி வந்து காட்டும்படி மந்திரி திம்மரசுவுக்கு ஆணையிட்டார். திம்மரசுவோ தம்பியை மறைத்து வைத்துவிட்டு, ஆட்டின் கண்களைக் கொண்டுபோய்க் காட்டினாராம். பிற்காலத்தில் ஹம்பிக்கு வந்த போர்ச்சுக்கீசியக் குதிரை வியாபாரி நூனிஸ் எழுதிவைத்த செய்தி இது.

1509-ல் அரியணை ஏறிய ராயர், திம்மரசுவை 'அப்பாஜி' என்றே அழைத்தார். தகப்பன் ஸ்தானம்! அப்பாஜியின் யோசனையைக் கேட்காமல் அவர் வாளை உருவியதில்லை என்பார்கள்.

முடிசூட்டு விழாவையொட்டி ஸ்ரீவிரூபாட்சர் கோயிலில் ரங்க மண்டபமும் கோபுரமும் எழுந்தன. கஜபதி மன்னரிடமிருந்து உதயகிரிக் கோட்டையைப் பிடித்தபோது, அங்கிருந்த பாலகிருஷ்ணர் விக்கிரகத்தைப் பக்தியோடு ஹம்பிக்கு எடுத்துவந்து ஆலயம் எழுப்பினார். ஹம்பியில் அந்தச் சந்நிதி இன்று வெறுமையாகத்தான் இருக்கிறது. பாலகிருஷ்ணரைப் பார்க்க வேண்டுமானால் சென்னை அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

திருமலைக்கு ஏழு முறை வந்தவர் ராயர். ஆனந்த நிலைய விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி இருவரோடும் கைகூப்பி நிற்கும் அவரது உலோகச் சிலையை, ஏழுமலையான் கோயிலுக்குள் நுழைந்ததுமே பார்க்கலாம். கூட்டத்தில் பலர் கவனிக்காமலேயே கடந்துபோகிறார்கள்! நம் திருவண்ணாமலையின் ராஜகோபுரமும் அவர் தொடங்கிய திருப்பணிதான். ஸ்ரீஆண்டாளின் சரிதத்தைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற காவியமாக எழுதினார். கனவில் வந்த ஆந்திர மகாவிஷ்ணு இட்ட கட்டளை அது என்பது ஐதீகம். வாளேந்திய கை, நம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோதைக்காக எழுத்தாணியும் ஏந்தியது!

இத்தனை கொடுத்த தெய்வம், ஒன்றை எடுத்துக்கொண்டது.

1524-ல், ஆறே வயதான தன் மகன் திருமலைராயனுக்கு முடிசூட்டிவிட்டு, தானே மந்திரியாக இருந்து மகனை வழிநடத்த நினைத்தார் ராயர். அந்தப் பிஞ்சு சில மாதங்களிலேயே நோயுற்று இறந்துபோனது. விஷம் வைத்தது திம்மரசுவின் மகன் என்று பேச்சு கிளம்பியது. ராயர் அதை நம்பினார். அப்பாஜியும் அவர் பிள்ளைகளும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பிற்பாடு ஒரு பிள்ளை தப்பியோடிக் கலகம் செய்ய, ராயரின் கோபம் எல்லை மீறியது. திம்மரசுவின் கண்கள் பறிக்கப்பட்டன. எந்தக் கண்களை அவர் காப்பாற்றினாரோ, அந்தக் கண்களுக்கு உரியவரின் ஆணையால்!

புத்திர சோகம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கிறது, பாருங்கள். திம்மரசுவுக்கு அந்தச் சதியில் பங்கு இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த முதியவர் சிறையிலேயே இறந்தார் என்கிறார் நூனிஸ்.

1528-ல், ஒரே பாறையில் குடைந்த ஸ்ரீநரசிம்மரை ஹம்பியில் பிரதிஷ்டை செய்தார் ராயர். இருபது அடிக்கும் அதிகமான உயரம். ஆதிசேஷன் குடை பிடிக்க, பிதுங்கிய விழிகளோடு அமர்ந்திருக்கிறார் பெருமாள். மறு ஆண்டே ராயர் காலமானார். தம்பி அச்சுதராயர் பட்டத்துக்கு வந்தார். 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரமே சூறையாடப்பட்டது. நரசிம்மரின் மடியில் இருந்த மகாலட்சுமித் தாயாரும் சிதைக்கப்பட்டார். பெருமாளை அணைத்திருந்த தாயாரின் ஒரு கரம் மட்டும் அவர் முதுகில் இன்னமும் மிச்சமிருக்கிறது.

உத்ஸவத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் விட்டலர் கோயில் கல் தேரைத்தான் முதலில் தேடுவார்கள். ஐம்பது ரூபாய் நோட்டின் பின்புறம் இருக்கிறதே, அதேதான்! அப்படியே நரசிம்மர் சந்நிதிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பக்கத்திலேயே, எப்போதும் நீருக்குள் நிற்கும் படவிலிங்கத்தையும் சேவிக்கலாம். முதுகில் இருக்கும் தாயாரின் கரத்தைப் பார்க்க, நரசிம்மரின் பின்புறமாகச் செல்ல வேண்டும். முன்னால் நின்று அந்த விழிகளைப் பார்த்தபோது எனக்கு, ஏனோ, அப்பாஜியின் ஞாபகம்தான் வந்தது.