லாண்ட்ஸ்டெய்னர் போட்ட கட்டங்கள்

கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1868-ல் வியன்னாவில் பிறந்தார். அப்பா பத்திரிகைக்காரர், பிள்ளைக்கு ஆறு வயதிருக்கும்போதே போய்விட்டார். வளர்த்தது அம்மாதான். அந்த அம்மா இறந்ததும் முகத்தை அச்செடுத்து, கடைசிவரை தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தாராம். அதிகம் பேசாத மனிதர். ஆயிரக்கணக்கில் பிணப் பரிசோதனைகள் செய்தவர்.

அக்காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. லாண்ட்ஸ்டெய்னர் தன் இரத்தத்தையும் கூட வேலைசெய்த ஐந்து பேரின் இரத்தத்தையும் எடுத்து, சிவப்பணுக்களையும் சீரத்தையும் பிரித்தார். ஒவ்வொருவர் சீரத்தையும் ஒவ்வொருவர் அணுக்களோடும் கலந்தார். ஆறுக்கு ஆறு கட்டம். அணுக்கள் திரண்டால் கூட்டல் குறி, இல்லையென்றால் கழித்தல். 1901-ல் வந்த அந்த அட்டவணை, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள் கிடைத்தன. சி பிற்பாடு ஓ ஆயிற்று. அவருடைய இரத்தமே ஓ தான். ஏபி-யை மறுவருடம் அவரைச் சேர்ந்தவர்கள் கண்டார்கள்.

இங்கே ரோவிலில் நாங்கள் அண்ணா என்று கூப்பிடும் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய். தங்கையின் திசு முழுதாகப் பொருந்தியது. ஆனால் அண்ணா ஓ, தங்கை ஏ. அண்ணி நடுங்கிப்போனார். திசுப் பொருத்தத்தைத் தீர்மானிப்பது ஆறாவது குரோமோசோம், இரத்தப் பிரிவை ஒன்பதாவது. இரண்டும் சேர்ந்தே வரவேண்டுமென்பதில்லை. ஸ்டெம் செல் மாற்றத்துக்குப் பிரிவு வேறுபாடு தடையுமில்லை. ஆனால் விலை உண்டு. அண்ணா உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஏ-எதிர்ப்பொருள், வரும் அணுக்களை உடைக்கும். அதனால் ஏற்றுமுன் சிவப்பணுக்களை நீக்குகிறார்கள். பிறகும் அது சும்மா இருக்காது. வெள்ளையணு வந்துவிடும், சிவப்பணு மட்டும் மாதக்கணக்கில் வராது. அவருக்கு நான்கு மாதம் இழுத்தது. அதுவரை ஏற்றியது ஓ சிவப்பணுக்களை, லாண்ட்ஸ்டெய்னரின் பிரிவு! இப்போது அண்ணா ஏ.

கொடுப்பவர் ஓ, பெறுபவர் ஏ என்றால் வேறு ஆபத்து: உள்ளே போன வெள்ளையணுக்கள் ஓரிரு வாரத்தில் எதிர்ப்பொருள் செய்து, நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தப் பழைய அட்டவணையைக் குறுக்கே படித்தால் ஒன்று, நெடுக்கே படித்தால் மற்றது.

முதல் உலகப்போருக்குப்பின் வியன்னாவில் வறுமை. 1919-ல் ஹேக் போனார், அங்கிருந்து நியூயார்க். 1930-ல் நோபல் கிடைத்தது. அவருக்கோ தன் எதிர்ப்பொருள் வேதியியல்தான் பெரிதாகப் பட்டது. 1940-ல் வீனருடன் ஆர்ஹெச் காரணியை அறிவித்தார். 1943 ஜூனில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பு. இரண்டு நாளில் இறந்தார். வயது 75.