பண்டிதை ரமாபாயின் காணிக்கை

பம்பாயிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதையில், பூனாவைத் தாண்டி முப்பது மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், கேட்காவ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1896-ம் வருஷத்தில் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் பீடித்தபோது, அவ்வூரில் ஒரு விதவைக்குச் சுமார் 100 ஏக்கர் நிலம் இருந்தது. அதில் நட்ட பழமரக் கன்றுகள் இன்னும் பலனுக்கு வரவில்லை. அவரை நம்பிப் பூனா நகரில் இளம் விதவைகள் பலர் ஏற்கெனவே உண்டு உடுத்துக் கல்வி கற்று வந்தனர். அமெரிக்க நண்பர்கள் பத்து வருஷத்துக்கு என்று வாக்களித்திருந்த உதவியோ முடிவடையும் காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வரவையும் செலவையும் எழுதிப் பார்க்கும் எவரும் அந்நிலையில் புதிதாக ஒரு வயிற்றைக்கூட ஏற்கத் துணியமாட்டார். அந்த அம்மையார் சுமார் முந்நூறு பெண்களை ஏற்றுக்கொண்டார்.

அவரே பண்டிதை ரமாபாய். மதம் மாறியவர் என்பதற்காக நம்மவரில் ஒரு சாரார் அவரை மறந்தனர். மதம் மாறியவர் என்பதற்காகவே மற்றொரு சாரார் அவரைப் புகழ்ந்தனர். இருவருமே அந்த அம்மையாருக்கு நியாயம் செய்யவில்லை என்பது நமது அபிப்பிராயம். அவர் எதை நம்பினார், நம்பி எதைக் கொடுத்தார் என்பதை அவருடைய வாழ்க்கையைக்கொண்டே அறிய வேண்டும்.

1858-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்னும் வனப் பிரதேசத்தில் ரமாபாய் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே சம்ஸ்கிருதத்தில் பெரும் புலமை வாய்ந்தவர். தம் மனைவி லக்ஷ்மீபாய்க்கு அந்தப் பாஷையைக் கற்பித்தார் என்பதே அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். ஊராரின் பகை தாளாமல் காட்டுக்குப் போய் ஆசிரமம் அமைத்துக்கொண்டார். வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்டதில் சொத்து கரைந்தது. பின்னர் அந்தக் குடும்பம் க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்து, கோயில்களிலும் குளக்கரைகளிலும் புராணம் வாசித்து, பக்தர்கள் வைக்கும் காணிக்கையைக்கொண்டு ஜீவித்து வந்தது. மகளுக்கு ஆசிரியை தாயாரே. வழிநடையிலேயே ஆயிரக்கணக்கான சுலோகங்களைக் குழந்தை மனனம் செய்துவிட்டது.

சென்னை ராஜதானியின் மாபெரும் பஞ்சம் 1876, 77-ம் வருஷங்களில் உச்சத்தை அடைந்தது. ஆனால் ஏழைகளுக்கு அது சில வருஷங்களுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. புராணம் கேட்க ஆளில்லை. கேட்டவரிடமும் கொடுக்க அரிசியில்லை. சாஸ்திரியார் வேறு தொழில் அறியார். யாசிக்கவும் மனம் வரவில்லை. இருந்த பணமெல்லாம் தேவதைகளுக்கும் பிராமணர்களுக்கும் தானமாயிற்று. பின்னர் நகைகள் போயின. வெள்ளிச் சாமான்கள் போயின. கடைசியாகச் சமையல் செய்யும் பித்தளை, செம்புப் பாத்திரங்களும் விற்கப்பட்டன. விரதங்கள் ஒன்றும் குறைவின்றி நடந்தன. திருப்பதியை அடைந்தபோது குடும்பத்தில் மிச்சமிருந்தது பசி ஒன்றுதான். 1874-ம் வருஷத்தில் தந்தையார் காலமானார்.

சில வாரங்கள் சென்று ராயச்சூர் பக்கத்தில் தாயார் படுத்தார். ஜன்னி கண்ட நிலையில் ஒரு துண்டுக் கம்பு ரொட்டி கேட்டார். ரமாபாய் அண்டை வீட்டு வாயிலில் போய் நின்றார். சாஸ்திரம் படித்த அந்தப் பெண்ணுக்குப் பிச்சை கேட்க நா எழவில்லை; கண்ணீர்தான் வந்தது. வீட்டுக்காரி இரங்கி ஒரு துண்டு கொடுத்தாள். அதை உண்ணும் சக்தி தாயாருக்கு இல்லை. மூன்று மைல் தொலைவிலிருந்த மயானத்துக்குப் பாடை சுமக்க நால்வர் வேண்டும். இரு பிராமணர்கள் மாத்திரம் முன்வந்தனர். மூன்றாமவர் தமையனார் ஸ்ரீநிவாஸர், நான்காமவர் ரமாபாய். மற்றவர்கள் தோளில் சுமந்தனர். குள்ளமான அந்தப் பெண் தலையில் சுமந்தார். அக்காளும் பின்னர் இறந்தார்.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டுகிறோம். தெய்வத்தை நம்பி உள்ளதையெல்லாம் கொடுத்த குடும்பம் இது. கொடுத்தார்கள், செத்தார்கள். இதைக் கண்ணால் கண்ட பெண், இனிக் கொடுப்பதும் மூடத்தனம், நம்புவதும் மூடத்தனம் என்று முடிவு கட்டியிருந்தால் அவரைக் குறைகூற நமக்கு வாய் ஏது? பல வருஷம் அவர் அவ்வாறே எதிலும் பற்றற்று இருந்தார் என்றே தோன்றுகிறது. அதே பெண் பிற்காலத்தில் மறுபடியும் தெய்வத்தை நம்பி உள்ளதையெல்லாம் கொடுக்கத் துணிந்தார் என்பதுதான் அவருடைய சரித்திரத்தில் நமக்கு வியப்பூட்டும் விஷயம். பசி அறியாதவர் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எளிது. ரமாபாய் அதன் விலையை அறிந்தே பேசினார்.

இடைப்பட்ட சம்பவங்களைச் சுருக்கிச் சொல்லலாம். அண்ணனும் தங்கையும் இந்தியா முழுதும் கால்நடையாகச் சுற்றி 1878-ல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள பண்டிதர்கள் இவருடைய புலமையைக் கண்டு அதிசயித்து, பண்டிதை என்றும் ஸரஸ்வதி என்றும் பட்டம் அளித்தனர். 1880-ல் தமையனார் இறந்தார். அவ்வருஷமே வங்காள வக்கீல் விபின் விஹாரி மேதவியை ஜாதி வித்தியாசம் பாராது மணந்தார். இரண்டு வருஷத்துக்குள் காலரா நோய்க்குக் கணவரும் பலியானார். கையில் மனோரமா என்னும் பெண் குழந்தை. பூனாவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தை ஸ்தாபித்தார். பெண்களுக்காக மராத்தியில் எழுதிய ஒரு நூலை விற்ற பணத்தைக்கொண்டு 1883-ல் இங்கிலாந்து சென்றார். அவ்வருஷம் செப்டம்பரில் வாண்டேஜ் என்னும் ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்.

மதம் மாறியவர் சுதேச உணர்ச்சியையும் மாற்றிக்கொண்டார் என்று நினைப்பவர் அவருடைய கடிதங்களை வாசித்ததில்லை. இந்தியக் கிறிஸ்துவர் அணியும் சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சம்ஸ்கிருதம் இருக்கட்டுமே என்று வாதாடினார். மாமிசம் தொடவில்லை. தம்முடைய மனச்சாட்சிக்கும் கடவுளுக்கும் நடுவே எந்தப் பாதிரியாரையும் நிற்க விடவில்லை. அவருடைய ஆங்கிலேய ஞானத்தாய் இந்தப் பிடிவாதத்தைக் கண்டு மிகவும் மனம் நொந்தார்.

1889-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பம்பாயில் சாரதா ஸதனம் என்னும் விதவைகள் பள்ளியைத் திறந்தார். அவ்வருஷ முடிவில் அந்நகரிலேயே கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு வந்த சில பெண் பிரதிநிதிகளில் ரமாபாயும் ஒருவர். சுதேசமித்திரன் ஸ்தாபகர் ஜி. சுப்பிரமணிய ஐயர் தம் விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்ததும் அந்தக் காங்கிரஸ் சமயத்தில், பம்பாயில்தான். அடுத்த வருஷம் ஸதனம் பூனாவுக்கு மாறியது. 1893-ல் புயல் வீசிற்று. மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்று வாக்களித்துவிட்டு, ரமாபாய் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபம் செய்கிறார், மாணவிகள் போய் உட்காருகிறார்கள் என்பது புகார். திலகரின் கேசரி கண்டித்தது. ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் பெண்களை அழைத்துக்கொண்டு போயினர். புகாரில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். திறந்த கதவும் ஒருவகை அழைப்புத்தானே! ஆயினும் கதவை மூடு என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த விதவைகளுக்குத் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தார்கள் என்றும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. ஸதனத்தின் முதல் மாணவியான விதவையை அவ்வருஷமே மணந்து, 1896-ல் தாமே விதவைகளுக்கு ஓர் ஆசிரமமும் ஏற்படுத்திய கார்வே போன்றவர் மிகச் சிலரே.

அக்காலத்தில் அவர் வாசித்த நூல்களில் ஒன்று ஜார்ஜ் முல்லரின் சரித்திரம். முல்லர் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் குடியேறிய போதகர். 1836-ல் அநாதை விடுதி தொடங்கி, மனிதர் எவரிடமும் பணம் கேட்பதில்லை என்ற விரதம் பூண்டு, கடவுளிடம் மட்டுமே கேட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகளை வளர்த்தார். இங்கிலாந்தில் பலிக்கும் நம்பிக்கை இந்தியாவில் பலிக்காதா என்னும் எண்ணம் ரமாபாயின் மனத்தில் எழுந்தது. கேட்காவ் நிலம் அந்த எண்ணத்தின் மறுபாதி. அன்னிய நாட்டார் உதவி நின்ற பின்பும் பழத்தோட்டத்தின் வருமானம் தம் பெண்களைக் காக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். கடவுளை நம்புகிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் நம்பிக்கை அவருடையதல்ல. கிணறு வெட்டிவிட்டுத் தண்ணீருக்கு ஜெபம் செய்யும் நம்பிக்கை அது.

பழம் பழுக்குமுன் பஞ்சம் வந்துவிட்டது. மத்திய மாகாணத்திலிருந்து வந்த சமாசாரங்களைப் படித்ததும், ராயச்சூர் பக்கத்தில் வாயிலில் நின்ற அந்தப் பெண் அவருள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். தாமே புறப்பட்டுப் போனார். கஞ்சித் தொட்டிகளையும் ஏழை விடுதிகளையும் சுற்றிப் பார்த்தார். திக்கற்ற சிறுமிகளைத் துஷ்டர்கள் வலைவீசிப் பிடிப்பதைக் கண்டார். கிறிஸ்துவ வேதத்தில் ஏழை விதவை ஒருத்தி தன் ஜீவனத்துக்கு வைத்திருந்த இரண்டு காசுகளையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாள் என்று ஒரு வரலாறு உண்டு. ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் ஒரு சிறுவன் கொடுக்க, அவை ஐயாயிரம் பேருக்குப் போதின என்று மற்றொன்று உண்டு. இவற்றை வேதத்தில் படிப்பது வேறு. முந்நூறு எலும்புக்கூடுகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவது வேறு. நாளைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு அவர் இதைச் செய்யவில்லை. கைவசம் உள்ளதைக் கொடுக்க வேண்டியது தம் கடமை, மிச்சம் கர்த்தருடைய பொறுப்பு என்று எண்ணினார்.

தொல்லை தொடர்ந்தது. பூனாவில் பிளேக் நோய் பரவியிருந்ததால், இத்தனை பேரை நகரில் வைத்துக்கொள்ள அதிகாரிகள் இடந்தரவில்லை. கட்டடம் இல்லாத கேட்காவ் நிலத்தில் கூடாரங்களும் குடிசைகளும் எழும்பின. பிளேக் ஆஸ்பத்திரியில் நம் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து 1897-ல் பத்திரிகைக்கு வெளிப்படையாக எழுதவும் அவர் அஞ்சவில்லை. கிறிஸ்துவர் என்ற காரணத்தால் சர்க்காருக்குத் தயவு காட்டினார் என்று சொல்ல இடமில்லை.

அமெரிக்காவில் பத்து வருஷ வாக்கு 1898-ல் முடிந்தது. அவர் அங்கே சென்றார். நண்பர்கள் புதிய சங்கம் அமைத்து உதவியைத் தொடர்ந்தனர். வெளிநாட்டுப் பணம் வரவில்லை என்று நாம் சொல்லவில்லை, வந்தது. ஆனால் பெண்கள் முதலில் வந்தார்கள், பணம் பின்னால் வந்தது. 1900-ம் வருஷப் பஞ்சத்தில் குஜராத்திலிருந்தும் பெண்கள் வந்து சேர, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தங்கும் ஊராக முக்தி ஸதனம் வளர்ந்தது. அவர்களை உட்காரவைத்துச் சோறு போடும் சத்திரமாக அதை அவர் நடத்தவில்லை. வயல் வேலை, நெசவு, செக்கு, பால் பண்ணை, அச்சுக்கூடம் எல்லாவற்றிலும் பெண்களே பாடுபட்டனர். பார்வையற்ற பெண்களுக்கும் படிப்பு இருந்தது. கணவன் வீடும் பிறந்த வீடும் கைவிட்ட பெண் அங்கே தன் கையால் சம்பாதிக்கக் கற்றாள்.

கடைசிக் காணிக்கை ஒன்று பாக்கியிருந்தது. இளமை முதல் அவர் உண்மையிலேயே சொத்து என்று வைத்திருந்தது கல்வி ஒன்றே. அதையும் கொடுத்தார். எழுதப் படிக்க இப்போதுதான் கற்ற கிராமப் பெண்களுக்குப் புரியும் மராத்தியில் வேதாகமம் இல்லை என்று கண்டு, முதிர்ந்த வயதில் ஹீப்ருவும் கிரேக்கமும் பயின்று, முழு வேதாகமத்தையும் தாமே மொழிபெயர்க்க உட்கார்ந்தார். கல்கத்தாப் பண்டிதர் சபையைப் பிரமிக்கச் செய்த சம்ஸ்கிருதப் புலமையை ஒதுக்கி வைத்துவிட்டு, கடினமான வடசொல் எங்கே வருகிறதோ அங்கெல்லாம் எளிய பேச்சைத் தேடினார். காது மந்தமாயிற்று. 1921-ம் வருஷம் ஜூலையில், வலது கையாக இருந்த மகள் மனோரமாவும் தாயாருக்கு முன்னே இறந்தார். வேலை நிற்கவில்லை. மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு 1922-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி அம்மையார் கண்ணை மூடினார். பஞ்சத்தில் பொறுக்கியெடுத்து வந்த பெண்கள் அச்சுக் கோக்கப் பழகிய முக்தி அச்சுக்கூடத்திலிருந்தே 1924-ல் அந்த வேதாகமம் வெளிவந்தது.